எனக்கு இரண்டாம் பாகம் வேண்டாம், மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதும் கடிதம். இங்கு நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. அது வழக்கம்போல் என் பேச்சைக் கேட்காமல் தனியாக இருக்கிறது. அங்கு நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். ஏதாவது என்றால் மகள் அவள் அம்மாவிடம் சொல்லியிருப்பாள், அவள் அம்மா என்னிடம் மறைத்திருப்பாள், மறைக்கிறாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருப்பேன். என் கண்ணில் மண்ணைத் தூவ இந்த வீட்டில் யாராலும் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

நிற்க. பன்னிரண்டு நாட்களுக்கு முன் தாங்கள் என் கைப்பேசிக்கு அனுப்பிய செய்தி கிடைக்கப் பெற்றேன். "மாமா, நம்ம கேமோட ரெண்டாம் பாகம் வருது! அடுத்த மாசம் இருபதாம் தேதி. உங்களுக்கும் ஒண்ணு சொல்லி வெச்சுடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு மஞ்சள் பொம்மை கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். என் பதில் இதுதான்: எனக்கு வேண்டாம், உங்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாலு வார்த்தையைக் கைப்பேசியிலேயே அடித்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அடித்தேன். ஒன்பது தடவை அடித்தேன், ஒன்பது தடவை அழித்தேன். பேனாவால் எழுதினால் அழிக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்றால், நம்முடைய போன் பேச்சு எப்படியென்று உங்களுக்கே தெரியும். "மாமா, சாப்பிட்டீங்களா?" "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?" "ஆச்சு மாமா. இதோ, அவகிட்ட குடுக்கிறேன்." பதினோரு விநாடி. ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வரவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் அலுவலகப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு, மகள் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்ததால், மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் தங்கினீர்கள். முதல் நாலு நாள் நாம் இருவரும் வரவேற்பறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நீங்கள் ஒரு தடவை சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள், பிறகு நான் ஒரு தடவை பார்ப்பேன். வானிலையைப் பற்றிப் பேசினோம், அதுவும் அன்றைக்கென்று மழையும் இல்லை வெயிலும் இல்லை. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஐந்தாம் நாள் நீங்கள் பொறுக்க முடியாமல் பெட்டியைத் திறந்து, அந்த ஜப்பான் விளையாட்டுக் கருவியை எடுத்து டிவியில் மாட்டினீர்கள். நான் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் எருமைத் தலையோடு ஒருவன், கையில் கதவகலத்துக்குக் கோடாலி. ஆனால் அவன் அடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு பெரிய கோடாலியை வெச்சுக்கிட்டு அவன் ஏன் சும்மா நிக்கிறான்?"

"அவன் முறை இன்னும் வரலை மாமா."

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பிரிவு வாசலில் டோக்கன் கொடுத்தவன் நான். காய்ச்சல்காரனும், கை முறிஞ்சவனும், மந்திரிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனும் என் ஜன்னல் முன்னால் ஒருத்தர் தலைமேல் ஒருத்தர் ஏறுவதைத் தினம் பார்த்தவன். உங்க முறை வரட்டும், உங்க முறை வரட்டும் என்று கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆனது. அப்படிப்பட்டவன் கண் முன்னால், கொலை செய்ய வந்த எருமைத் தலையன்கூட டோக்கனை மதிச்சுக் காத்துக்கிட்டு நிக்கிறான்! அவன் அடித்ததும் அடுத்து இவர்கள், பிறகு அவன். தள்ளுமுள்ளு இல்லை, சிபாரிசு இல்லை. இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர்களை அன்றைக்கு மனசார வாழ்த்தினேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மீதி ஐந்தரை வாரம் எப்படிப் போச்சென்றே தெரியவில்லை. கட்டுப் பிரித்த அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. நீங்கள் கிளம்பும்போது, "இது இங்கேயே இருக்கட்டும் மாமா, நான் வேற வாங்கிக்கிறேன்" என்று கருவியை வைத்துவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்துதான் எனக்கு மாப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார். அதற்கு முன் மகளுடைய வீட்டுக்காரர் இருந்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் போன் வந்தால் "மாமா, பனிக்குகை தாண்டிட்டீங்களா?" என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஓடும். மகள் அந்தப் பக்கம் பிடுங்குவாள், அத்தை இந்தப் பக்கம் பிடுங்குவாள், நாம் விடமாட்டோம்.

என் குழுவைப் பற்றி உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. நாலு பேருக்கும் நாமே பேர் வைக்கலாம் என்றது. வாள் வைத்திருக்கிற பெண்ணுக்கு மகள் பேர். தாடிக்காரக் கிழட்டு மந்திரவாதிக்கு என் பேர். வைத்தியம் பார்க்கிற அம்மாவுக்கு அத்தையின் பேர். கதாநாயகனுக்கு... உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் மாப்பிள்ளை என்றே வைக்கப் பார்த்தேன். எட்டு ஆங்கில எழுத்துதான் கொள்ளும் என்று கடைசி எழுத்தை வெட்டிவிட்டது. அன்றிலிருந்து அவன் "மாப்பிள்ளா". வௌவால் ஒன்று கடித்து "மாப்பிள்ளாவுக்கு முப்பத்து நாலு காயம்" என்று திரையில் வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அத்தையை மட்டும் நான் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. முதல் ஊரிலேயே, தங்கும் விடுதியில், ஜன்னலோரம் ஒரு நல்ல அறையாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டேன். பாவம், மூன்றாவது லெவல். அவளால் என்ன முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய அன்றைக்கே அந்த இரண்டாம் பாகத்து முன்னோட்டத்தைப் பார்த்தேன். இதுவரை நாற்பத்தாறு தடவை பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் அந்தக் கப்பல் இருக்கிறதே மாப்பிள்ளை! மேகத்துக்கு மேலே பாய் விரித்துக்கொண்டு போகிறதே, கீழே நம் பழைய பனிக்குகை பட்டாணி அளவுக்குத் தெரிகிறதே, பார்த்தீர்களா? நாம் மூன்று நாள் வழி தெரியாமல் சுற்றிய குகை! அந்த இசையில் நடுவில் பழைய ஊரின் மெட்டு ஒரு நொடி வந்து போகிறது, அதைக் கவனித்தீர்களா? நான் எழுந்து நின்றுவிட்டேன், முழங்கால் வலியோடு. அது இருக்கட்டும். எனக்கு எழுந்த சந்தேகங்களைக் கேளுங்கள். முதல் சந்தேகம், சண்டை. அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள். எருமைத் தலையன் ஓடி ஓடி அடிக்கிறான், அவன் இப்படிக் கெட்டுப்போவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. டோக்கன் இல்லாத ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. இரண்டாவது சந்தேகம், கிழவனைக் காணோம். மாப்பிள்ளா இருக்கிறான், கொஞ்சம் தாடி விட்டிருக்கிறான், அழகாகத்தான் இருக்கிறது. மகள் இருக்கிறாள். வைத்தியம் பார்க்கிற அம்மா கப்பலையே ஓட்டுகிறாள். கிழவன் மட்டும் இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஐம்பத்திரண்டாவது விநாடியில் ஒரு சுவர் தெரிகிறது, சுவரில் கிழவனுடைய தடி சாத்தியிருக்கிறது. தடி இருக்கு, ஆள் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் மாப்பிள்ளை? நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துவிட்டேன்.

இருந்தாலும் முயற்சி செய்யாமல் வேண்டாம் என்று சொல்வது என் வழக்கமில்லை. விரலுக்கு வேகம் வந்தால் சமாளித்துவிடலாம் என்று, மாடியில் குடியிருக்கும் டைப்பிஸ்ட் அம்மாவிடம் போய் நின்றேன். நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர், ஓய்வு பெற்றும் மெஷினை விடவில்லை. "எதுக்கு சார் இந்த வயசுல டைப்பிங்?" என்றார். ராட்சசனை அடிக்க என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார் என்று, "ஞாபகசக்திக்கு நல்லதாமே" என்று சொல்லி வைத்தேன். அந்தம்மா ஈவிரக்கம் இல்லாதவர். கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும், தப்பு வந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் வலது சுண்டுவிரல் வீங்கியதுதான் மிச்சம். "இடது கை பரவாயில்லை, வலது கையைப் பத்திப் பேசாம இருக்கிறது நல்லது" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார். விளையாட்டில் அடிக்கிற பொத்தான் எல்லாம் வலது கையில்தான் இருக்கிறது.

அப்புறம்தான் கடைத்தெருவில் இருக்கிற அந்த வீடியோ கேம் கடையில் சனிக்கிழமை ஒருநாள் மட்டும் இரண்டாம் பாகத்தை மாதிரி ஆடிப் பார்க்க வைக்கிறார்கள் என்று தெரிந்தது. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அன்றைக்கு அத்தையும் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள். டிவி இருக்கிற தூரத்தில் பொடி எழுத்து தெரியவில்லையாம். உனக்கெதுக்கு டிவியில் பொடி எழுத்து என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள், அவள் அப்படித்தான். பத்து மணிக்குக் கடை வாசலுக்குப் போனால் ஒரே கூட்டம். ஒரே ஒரு டிவி, அதன் முன்னால் நாற்பது பேர், ஆளாளுக்கு முண்டுகிறார்கள். கல்லாவில் இருந்த பெண், "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்விட்டது மாப்பிள்ளை. மருந்துச்சீட்டு ஒன்று இருந்தது. அதைக் கிழித்து, போதாமல் கடையின் விளம்பரத் தாளையும் வாங்கிக் கிழித்து, பின்பக்கத்தில் நம்பர் போட்டேன். ஒவ்வொரு நம்பருக்குக் கீழும் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதினேன். ஆளுக்குப் பத்து நிமிஷம். நான் முகத்தைப் பார்த்து டோக்கன் கொடுக்கிறவன் இல்லை, நீட்டின கையைப் பார்த்துத்தான் கொடுப்பேன். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வரிசை கெடும். முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஐந்தே நிமிஷத்தில் கூட்டம் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. அந்தப் பெண் ஓடிவந்து முக்காலி போட்டாள். "சார், நீங்க இங்கேயே வேலைக்கு வந்துடுங்க சார்" என்றாள்.

இதில் ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நமக்கே உடம்பு சரியில்லை என்றாலும் ஊழியர் கடைசியில்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும், அது எங்கள் பிரிவின் விதி. அந்தப் பழக்கத்தில் கை எனக்கு நாற்பத்தொன்றாம் நம்பரைப் போட்டுவிட்டது. போனால் போகிறது, நாற்பத்தொரு பேருக்கும் நானூற்றுப்பத்து நிமிஷம், கடை ஐந்து மணி வரைக்கும், பத்து நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டு டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தேன். எல்லாரும் ஒழுங்காகத்தான் எழுந்தார்கள், ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்தப் பதினேழாம் நம்பர்! பத்து நிமிஷம் போச்சு, பதினைந்து போச்சு, பின்னால் ஒரே கைதட்டல், "அப்படித்தான், விடாதீங்க" என்று கூச்சல். திரும்பிப் பார்க்கலாமென்றால் அப்போது பார்த்து இருபத்திரண்டும் இருபத்து நாலும் சண்டைக்கு நிற்கிறார்கள். இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது அந்தப் பதினேழு. எப்படிப்பட்ட பேராசை பாருங்கள்! அந்தப் பதினைந்து நிமிஷம் வழிந்து வழிந்து கடைசியில் என் தலையில் வந்து விழுந்தது. என் முறை வரும்போது மணி நாலு ஐம்பத்தைந்து. "அஞ்சு நிமிஷத்துல அது திறக்கவே திறக்காது சார், கடை மூடணும்" என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். ஏழு மணி நேரம் அந்த விளையாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பத்தொன்றாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னவோ பரம சந்தோஷமாக இருந்தாள். கண் டாக்டர் நல்லவர் போலிருக்கிறது.

இதற்கு நடுவில் வீட்டில் இருக்கிற கருவியும் பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உயிர் மீட்கும் மருந்து தொண்ணூற்றொன்பது பாட்டில் வைத்திருந்தேன் இல்லையா? ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. மருந்து தீர்ந்துபோன நாளில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று பார்த்தவன், எப்படித் திறக்க மனசு வரும்? எண்ணிப் பார்த்தால் இப்போது அறுபத்தொன்றுதான் இருக்கிறது. ஆவியாகிவிடுமா அதெல்லாம்? அதைவிட அதிசயம், விடுதியில் உட்கார வைத்த அத்தை மூன்றாவது லெவலிலிருந்து ஐம்பத்தெட்டுக்குப் போயிருக்கிறாள். நான் ஐம்பத்தொன்றுதான். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் பணிமூப்பு அடிப்படையில் உயர்வு கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. நல்ல நாடுதான், ஆனாலும் உழைத்தவனுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்காதா?

இவ்வளவு எழுதியாகிவிட்டது, உண்மையையும் எழுதிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால், "முதல் பாகம் முடிச்சுட்டீங்களா மாமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டீர்கள். "முடிச்சுட்டேன் மாப்பிள்ளை, கடைசியில கண்ணு கலங்கிடுச்சு" என்று சொன்னேன். பொய். நான் முடிக்கவில்லை. கடைசிக் கோட்டையில் அந்தப் பெரிய இரும்புக் கதவு வரைக்கும்தான் போனேன். "இதைத் தாண்டினால் திரும்ப முடியாது. உள்ளே போகிறீர்களா?" என்று கேட்கிறது. இந்த எட்டு மாதமாகத் தினம் சாயங்காலம் அந்தக் கதவு வரைக்கும் போய், "இல்லை" என்று பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். திரும்ப முடியாத இடத்துக்கு மாப்பிள்ளாவை நான் எப்படி அனுப்புவேன்? மகளிடம் என்ன பதில் சொல்வேன்? சிரிக்காதீர்கள். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. இது முடிந்துவிட்டால் அப்புறம் நாம் எதைப் பேசுவது? பேச்சு முடிந்துவிடுமே என்று பயந்துதான் முடிக்காமல் இருந்தேன். ஆனால் முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லி நானே பேச்சை முடித்துக்கொண்டேன். என் புத்தியைப் பாருங்கள். அந்தப் போனுக்கு அடுத்த போனிலேயே "மாமா, சாப்பிட்டீங்களா?" வந்துவிட்டது. எட்டு மாதமாகப் பதினோரு விநாடிதான்.

அதனால்தான் உங்கள் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி நாற்பது நிமிஷம் பேசலாம் என்று ஒரு மனசு. இந்த ஓட்ட ஆட்டத்தில் என் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு முதல் ஊரைக்கூடத் தாண்டமாட்டேன், நீங்கள் கப்பலில் ஏறி எங்கேயோ போய்விடுவீர்கள், "மாமா எங்கே இருக்கீங்க?" என்று கேட்பீர்கள், "அங்கேயேதான் மாப்பிள்ளை" என்று சொல்வேன், இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் தடவை மரியாதைக்காகக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று இன்னொரு மனசு. அந்த மூன்றாம் தடவையை என்னால் தாங்க முடியாது மாப்பிள்ளை. அதற்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. நாள்காட்டியில் இருபதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பது வேறு விஷயத்துக்காக. என்ன விஷயம் என்று இப்போது ஞாபகமில்லை. டிவியைச் சுவரில் அரையடி கீழே இறக்கி மாட்டியதும் முழங்காலுக்காகத்தான். ஒருவேளை அந்தச் சண்டையை மெதுவாக்க வழி ஏதாவது இருந்தால், ஒருவேளை அந்தத் தடி வேறு யாருடையதாகவாவது இருந்தால், ஒரு வரி எழுதிப் போடுங்கள். தகவலுக்காகத்தான் கேட்கிறேன்.

இதில் எழுதியிருக்கிற எதுவும் அத்தைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவளை விடுதியில் உட்கார வைத்தது தெரிந்தால் எனக்கு வீட்டில் இடமிருக்காது. உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். நான் ஒட்டினால் கடிதமும் உறையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கவலைப்படாதீர்கள், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆள் அவள் இல்லை.

நீங்களும் மகளும் நோய்நொடி அண்டாமல், ஒருவர் பேச்சுக்கு ஒருவர் காதுகொடுத்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, பல்லாண்டு வாழ வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும். கணுக்காலைப் படிகளில் பார்த்து வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நலமே வேண்டும் மாமனார்
(டோக்கன் பிரிவு, ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். அவர் தூங்குறார். உறையை ஒட்டச் சொல்லிக் குடுத்தார், நானும் உக்காந்து முழுசாப் படிச்சுட்டேன். நல்லாத்தான் எழுதறார்.

அந்தப் பதினேழாம் நம்பர் நான்தான். அவர் கையாலதான் டோக்கன் வாங்கினேன், நிமிந்தே பாக்கலை மனுஷன். கண் டாக்டர்கிட்ட முதல் நாளே போயிட்டு வந்துட்டேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆடினது உண்மைதான், ராட்சசனைப் பாதியில விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது? மருந்து குறைஞ்சதும் என்னாலதான். குடிக்கத்தானே மருந்து? ஒருநாள் மத்தியானம் டிவி தூசியைத் துடைக்கும்போது அந்தப் பெட்டியைப் போட்டுப் பாத்தேன். என் பேரைப் போட்டு என்னை மூலையில ஜன்னலோரம் உக்கார வெச்சிருக்கார். மூணாவது லெவல்! வந்த கோவத்துக்கு அன்னைக்கே வெளியில இறங்கினேன். தினம் மத்தியானம் அவர் குறட்டை ஆரம்பிச்சதும் நானும் ஆரம்பிச்சுடுவேன். உங்க மகாராணிதான் போன்ல வழி சொல்லிக் குடுத்தா. அவர் ஆட்டத்தை விட்ட இடத்துப் பதிவு கெட்டுப்போயிடப் போவுதுன்னு எனக்குத் தனியாப் பதிஞ்சுக்கவும் அவதான் சொல்லிக் குடுத்தா, அதுக்குள்ள முப்பத்தெட்டு பாட்டில் போயிடுச்சு.

அவர் சந்தேகத்துக்கெல்லாம் நான் பதில் சொல்லிடறேன். ரெண்டாம் பாகத்துல அமைப்புன்னு ஒரு இடம் இருக்கு, அங்கே போய் மாத்திட்டா நாம முடிவு பண்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே இருப்பாங்க, அந்த எருமைத் தலையனும். கடைப் பொண்ணு காட்டினா, நான் அப்படித்தான் ஆடினேன். கிழவரும் இருக்கார். அவருக்கு நடக்க முடியலை, அதனால தடியைச் சுவத்துல சாத்திட்டு ஊர் வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். எங்கே போறதா இருந்தாலும் எல்லாரும் முதல்ல அவர்கிட்டதான் போய்க் கேக்கணும். அவரைத் தாண்டி ஒருத்தரும் கப்பல் ஏற முடியாது.

அந்த இரும்புக் கதவுக்கு உள்ளே நான் போய்ட்டு வந்துட்டேன். என்ன இருக்குன்னு சொல்லமாட்டேன். மாப்பிள்ளாவுக்கு ஒண்ணும் ஆகலை, அதை மட்டும் உங்களுக்குச் சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அவரே பாக்கட்டும். அவர் பதிவுல அவர் இன்னும் கதவுக்கு முன்னாடிதான் நிக்கிறார்.

இன்னொரு விஷயம். மாமா பதிலே போடலையே, கோவமா, நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனான்னு பன்னிரண்டு நாளா நீங்க அவளைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களாமே? போனை எடுத்துட்டு எடுத்துட்டு வெச்சுடறீங்களாமே? உங்களுக்கும் சாப்பிட்டீங்களாவுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியலைன்னு சொன்னா. ஆளுக்கு ஒரு டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு, அவர் கூப்பிடுவார்னு நீங்களும் நீங்க கூப்பிடுவீங்கன்னு அவரும் எட்டு மாசமா உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும். இனிமே இந்த வீட்டுல நம்பர் நான் கூப்பிடறேன். ரெண்டாம் பாகம் ஒண்ணே ஒண்ணு சொல்லி வெச்சாச்சு, நாலு பேருக்கும் அது போதும். இருபதாம் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே லீவு போட்டு அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க. வந்து அவர் பக்கத்துல உக்காருங்க, அந்தக் கதவை அவர் திறக்கட்டும்.

ஒண்ணாம் நம்பர் நீங்கதான் மாப்பிள்ளை. வாங்க.